தேர்க்காலில் சிக்கியோர்க்கு ஓர் ஆற்றுப்படை

திருவாரூர் வீதியில் மனுநீதிச் சோழனின் மைந்தன் செலுத்திய தேர்க்காலில் ஓர் ஆன்கன்று அகப்பட்டு இறந்த கதையைத் தமிழ் பயிலும் மாணவர் எவரும் அறிவர். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் நின்று கண்ணகி தன் நாட்டுப் பெருமை கூறுங்கால் அதனைச் சுட்டுகிறாள். பெரியபுராணத்தில் சேக்கிழார் அதனை விரித்துரைக்கிறார். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அம்மன்னனுக்குச் சிலையும் உண்டு. வகுப்பறையில் இக்கதையை நடத்தும்போது அரசனின் நடுவுநிலைமையைப் போற்றிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். சட்டக் கண்கொண்டு நோக்கின் அஃது ஒரு சாலை விபத்து. ஊர்தியைச் செலுத்தியவன் இளைஞன். அடிபட்டது வீதியில் துள்ளித் திரிந்த ஓர் உயிர். முறையிட்டது பெற்ற தாய். செலுத்தியவனுக்குத் தண்டனை யாது என்பதைப் பற்றியே கதை பேசுகிறது. தாய்ப்பசுவின் இழப்பை எவ்வாறு ஈடுசெய்வது என்ற வினா அங்கு எழவில்லை. எழவேண்டிய தேவையும் இல்லை. புராணத்தில் இறையருளால் கன்று உயிர்பெற்று எழுந்துவிடுகிறது. நம் சாலைகளில் அவ்வாறு நிகழ்வதில்லை.

நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐவருள் ஒருவர்.

நடந்து செல்பவரின் நிலை ஏனையோர் நிலையினின்றும் வேறானது. வண்டியில் செல்வோர்க்கு இரும்புக் கூடோ தலைக்கவசமோ ஏதேனும் ஒரு காப்பு உண்டு. இவர்க்கு அணிந்திருக்கும் சட்டைதான் காப்பு. அவர்களிடம் ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீட்டுப் பத்திரம் எனப் பல தாள்கள் உண்டு. இவரிடம் ஒன்றுமில்லை, ஆகவே அடிபட்டபின் கேட்பதற்கும் தமக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடுகிறார். உண்மை இதற்கு நேர்மாறானது. 1989 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், சாலையில் ஓடும் வண்டிக்கு 'மூன்றாம் நபர் காப்பீட்டை'க் கட்டாயமாக்கியிருப்பது இத்தகையோரைக் கருதித்தான். ஒப்பந்தம் செய்துகொண்ட வண்டி உரிமையாளர் முதல் நபர். காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் நபர். அவ்வொப்பந்தம் பற்றி ஏதும் அறியாது சாலையோரம் நடந்துவரும் நீங்களும் நாமுமே அந்த மூன்றாம் நபர்.

பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது சங்க மரபு. இக்கட்டுரையையும் ஆற்றுப்படை என்றே அழைத்தோம். ஆயின் இங்கு வள்ளல் எவரும் இலர். பெறப்படுவது பரிசிலும் அன்று, உரிமை. நாம் வழக்குரைஞர் அல்லோம், தமிழாசிரியரே. எனினும் நம் மாணவர் இல்லங்களிலும் மஹல்லாக்களிலும் கண்கூடாகக் காணும் ஓர் அறியாமை இதனை எழுதத் தூண்டிற்று.

பேசி முடித்தல்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஆம்பூர், வாணியம்பாடி வழியே செல்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை அதிராம்பட்டினம், தொண்டி போன்ற ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. இத்தகைய ஊர்களில் பள்ளிவாசல் சாலையின் ஒருபுறமும் வீடுகள் மறுபுறமுமாக இருப்பதுண்டு. இருள் பிரியாத வேளையில் பஜ்ருத் தொழுகைக்காகச் சாலையைக் கடக்கும் முதியவர், மதரஸாவுக்குச் செல்லும் சிறுவர், தோல் தொழிற்சாலைக்கு நடந்து செல்லும் பெண்கள் ஆகியோரே அடிபடும் நிலையில் உள்ளவர்கள்.

விபத்து நேர்ந்த சில மணி நேரத்திற்குள் ஊர்ப் பெரியவர்கள் கூடிவிடுகின்றனர். அவர்தம் நோக்கம் நன்று. பகை வேண்டா, காவல்நிலையம் வேண்டா, ஓட்டி வந்தவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே என்று இரு தரப்பிலும் பேசுகின்றனர். ஒரு தொகையை வாங்கிக் கொடுக்கின்றனர். 'இனி இது தொடர்பாக எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று ஒரு தாளில் கையொப்பமும் பெற்றுவிடுகின்றனர். அத்தொகை மருத்துவமனையின் முதல் இரண்டு வாரத்திற்குச் சரியாகிவிடும். மூன்றாம் மாதம், காலில் வைத்த தகடு சீழ்பிடித்து மீண்டும் அறுவை மருத்துவம் வேண்டும் என்பார் மருத்துவர். அப்போது வழக்குப் பதிவு இல்லை; கண்ட சாட்சி ஊரில் இல்லை; வண்டியும் கைமாறியிருக்கும்.

இரக்கத்தின் பெயரால் இது நிகழ்கிறது. அவ்விரக்கம் ஓட்டியவனுக்கேனும் பயன்படுகிறதா எனின், அதுவும் இல்லை. பேசி முடிக்கும்போது அவன் தன் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் தருகிறான். முறைப்படி வழக்குப் பதிவாகி இழப்பீடு கோரப்பட்டிருப்பின், வண்டிக்குக் காப்பீடு உள்ளவிடத்து, அச்சுமையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றிருக்கும். உயிரிழப்பு நேர்ந்த வழக்கிலோ, ஊர்ப்பஞ்சாயத்தில் பேசி முடிப்பதால் குற்றவழக்கு முடிந்துவிடுவதில்லை. சட்டம் அதனைச் சமரசத்திற்குரிய குற்றமாக வைக்கவில்லை. ஆக, ஏழைக் குடும்பத்தின் இழப்பீடு போவது ஒன்றே இதில் உறுதியான விளைவு.

தியத்தும் இழப்பீடும்

வேறொரு தயக்கமும் நம் இல்லங்களில் உண்டு. 'மய்யித்துக்கு விலை வாங்குவதா? எல்லாம் கத்ருப்படி நடந்தது. காசு வாங்கி என்ன ஆகப்போகிறது?' என்று இத்தாவில் இருக்கும் விதவைப் பெண்ணின் காதுபடவே பேசுகின்றனர். விதியை ஏற்பது ஈமானின் பகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம் 92ஆம் வசனம், தவறுதலாக நேர்ந்த கொலைக்கு இறந்தவரின் குடும்பத்தாரிடம் தியத்து ஒப்படைக்கப்படவேண்டும் என்றும், அவர்களே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அன்றி அது நீங்காது என்றும் கூறுகிறது. விட்டுக்கொடுக்கும் உரிமை குடும்பத்தாருக்கே வழங்கப்பட்டுள்ளது. அவர்கள் சார்பில் ஊராருக்கு வழங்கப்படவில்லை. பெரியவர்கள் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

தவறுதலான கொலையின் தியத்தைக் கொன்றவன் ஒருவனே சுமப்பதில்லை. அவனுடைய 'ஆகிலா', அதாவது அவனைச் சார்ந்த கூட்டத்தார், மூன்றாண்டுக் காலத்தில் பகிர்ந்து செலுத்துவர் என்பது ஃபிக்ஹு நூல்களின் விதி. ஒருவன் பிழையால் விளைந்த சுமையைப் பலர் சேர்ந்து தாங்குதல் என்னும் கருத்து, ஆக, நமக்குப் புதியதன்று. காப்பீட்டு ஒப்பந்தத்தின் மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடமே விடுகிறோம். ஆனால் அடிபட்டவர் எந்தக் காப்பீட்டையும் வாங்கியவர் அல்லர். அவருக்கு வரவேண்டியது, தீங்கிழைத்தவர் தரக் கடமைப்பட்டது. அதனை அவர் எந்த வாயிலாகத் தரவேண்டும் என்பதைச் சட்டம் வகுத்துள்ளது. அஃது அவர் பொறுப்பு. நம் கருத்து இதுவே. தீர்ப்புத் தொகைக்கு வட்டி சேர்க்கப்படுவது குறித்துத் தயங்குவோரும் உளர். அசலும் வட்டியும் தனித்தனியே கணக்கிடப்படுவதால், வட்டியைத் தமக்கெனப் பயன்படுத்த விரும்பாதார் அதனை எளிதில் பிரித்தறியலாம்.

ஈண்டு இன்னொன்றும் கூறவேண்டும். இழப்பீட்டை இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தாகவே கருதி, பாகப்பிரிவினைக் கணக்குப்படி அண்ணன் தம்பியரும் பங்கு கேட்பதைக் காண்கிறோம். தீர்ப்பாயம் அத்தொகையின் பெரும்பகுதியை, இறந்தவரின் உழைப்பை நம்பி வாழ்ந்தோருக்கு ஏற்பட்ட இழப்புக்காகவே வழங்குகிறது. மனைவிக்கு எவ்வளவு, மக்களுக்கு எவ்வளவு, பெற்றோருக்கு எவ்வளவு என்பதையும் அதுவே பகுத்துத் தீர்ப்பில் எழுதிவிடும்.

முதல் சில நாள்கள்

இழப்பீட்டு வழக்கின் வெற்றி பெரும்பாலும் விபத்து நேர்ந்த முதல் சில நாள்களிலேயே முடிவாகிவிடுகிறது. அடிபட்டவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல அஞ்சும் நிலை முன்பு இருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிமுறைகளும், பின்னர்ச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும், உதவ முன்வருவோருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. உதவியவர் தம் பெயரைக் கூறும்படியோ சாட்சியாகும்படியோ கட்டாயப்படுத்தப்படலாகாது. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், உயிர்காக்கும் முதல் மருத்துவத்தை மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டம் முதல் 48 மணி நேர மருத்துவத்திற்கெனத் தொடங்கப்பட்டது. 2025 மே மாதம் நடுவண் அரசு அறிவித்த திட்டம், ஏழு நாள்கள் வரை, 1,50,000 ரூபாய் வரையிலான கட்டணமில்லா மருத்துவத்திற்கு வழி செய்கிறது.

மருத்துவமனை வாயிலில் நிகழும் ஒரு சிறு பொய் பின்னாளில் பெருங்கேடாக முடிகிறது. போலீஸ் கேஸ் என்றால் அலைய வேண்டும் என்றஞ்சி, 'மாடிப்படியில் வழுக்கி விழுந்தார்' என்று கூறிச் சேர்த்துவிடுகின்றனர். மருத்துவர் அதனையே ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார். வண்டி மோதியது என்று பின்னர் எத்தனை சாட்சிகளைக் கொண்டுவந்தாலும், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்குரைஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார். எங்கே, எப்போது, எவ்வகை வண்டி மோதியது என்பது உள்ளவாறு பதிவாதல் வேண்டும். வண்டியின் எண் தெரியின் அதனையும் கூறுதல் வேண்டும்.

அடுத்தது காவல்நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி அச்சமூட்டும் வேகத்தில் ஓட்டுதல் 281, காயம் விளைவித்தல் 125, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் 106 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவாகும். நிலையத்தில் பதிய மறுப்பின் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அலுவலர் 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாள்களுக்குள் விரிவான அறிக்கையையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கு அனுப்புதல் வேண்டும். விதி இருப்பது வேறு, கேட்டுப் பெறுவது வேறு. குடும்பத்தில் படித்த பிள்ளை ஒருவர் நிலையத்திற்குச் சென்று, அனுப்பியாயிற்றா என்று பணிவுடன் வினவுதல் நன்று. நம் மாணவர்கள் செய்யத்தக்க தொண்டு இது.

உயிரிழப்பு நேர்ந்துவிடின், மனத்தை வருத்தும் ஒரு கட்டம் உண்டு. ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்வது நம் மார்க்க நெறி. அதன்பொருட்டே பலர் பிரேதப் பரிசோதனையைத் தவிர்த்து மய்யித்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகின்றனர். அதன் பின்னர், விபத்தினால்தான் மரணம் நேர்ந்தது என்பதற்கு மருத்துவச் சான்றே இராது. வீட்டில் சில நாள்கள் கிடந்து இறந்தவர் எனின் சிக்கல் இன்னும் பெரிது. மாரடைப்பால் இறந்தார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரிய மறைவுக்குப் பின்னரும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் நடுவண் அரசு நெறி வகுத்தது. ஜமாஅத்துப் பெரியவர்கள் அந்நேரத்தில் செய்யவேண்டியது, பரிசோதனையைத் தடுப்பதன்று. காவலரிடமும் மருத்துவரிடமும் பேசி அதனை விரைவுபடுத்துவதே.

மூன்று வாயில்கள்

இழப்பீடு பெறுதற்குச் சட்டத்தில் மூன்று வாயில்கள் உள்ளன. அவற்றுள் முதன்மையானது 166ஆம் பிரிவு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்து, ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பித்து, நேர்ந்த இழப்பு முழுவதையும் கோரலாம். இதற்கு உச்சவரம்பு இல்லை. விபத்து நிகழ்ந்த ஊரில்தான் வழக்கிடவேண்டும் என்பதும் இல்லை. அடிபட்டவர் வாழும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். பெங்களூருக்கு வணிகம் செய்யச் சென்று அங்கே அடிபட்டவர், தம் சொந்த மாவட்டத்திலேயே வழக்கிடலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

'ஓட்டுநர் குற்றவழக்கில் விடுதலையாகிவிட்டார். இனி இழப்பீடு கிடைக்காது' என்று கூறுவோர் உளர். இது பிழை. குற்றவழக்கில் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கிலோ, எது நிகழ்ந்திருக்கக் கூடுதல் வாய்ப்புண்டு என்பதே அளவுகோல். தமிழ்நாட்டுப் பேருந்து விபத்து வழக்கொன்றில் 1980ஆம் ஆண்டிலேயே நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் இதனைத் தெளிவுபடுத்தினார்.

நடந்து சென்றவரிடமும் தவறு இருக்கலாம். சாலையைக் குறுக்கே கடந்தது, கைபேசியில் பேசிக்கொண்டு சென்றது போன்றவற்றைத் தீர்ப்பாயம் 'பங்களிப்புக் கவனக்குறைவு' என்று கொள்ளும். அதனால் கோரிக்கை அழிந்துபடாது. தவறு நான்கில் ஒரு பங்கு எனின், தொகையில் நான்கில் ஒரு பங்கு குறையும், அவ்வளவே. சிறு குழந்தைகள்மீது இத்தகைய பழியைச் சுமத்துவதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதை பெறுதல் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறிற்று. நடைபாதையே இல்லாத சாலையில் ஓரமாக நடந்தவரை, 'ஏன் சாலையில் நடந்தாய்' என்று கேட்பது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

இப்பிரிவில் காலவரையறை ஒன்று உண்டு. 1994இல் அது நீக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மீண்டும் வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நிகழ்ந்த ஆறு மாதத்திற்குள் மனுச் செய்தல் வேண்டும் என்றாயிற்று. இதனை எதிர்த்த வழக்கில், காலங்கடந்தது என்ற ஒரே காரணத்தால் மனுக்களைத் தள்ளுபடி செய்யலாகாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இடைக்கால உத்தரவை நம்பிக் காலந்தாழ்த்துதல் அறிவுடைமை ஆகாது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம், ரமலான் கழியட்டும் என்று ஒத்திவைத்தே ஆறு மாதமும் கரைந்துவிடும்.

இரண்டாம் வாயில் 164ஆம் பிரிவு. யார் தவறு என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை. மரணத்திற்கு 5,00,000 ரூபாய், கொடுங்காயத்திற்கு 2,50,000 ரூபாய் என்று தொகை வரையறுக்கப்பட்டுள்ளது. சாட்சிகள் இல்லாதார்க்கு இது பயன்படும். ஆனால் இவ்வழியே தொகையை ஏற்றுக்கொண்டால் 166ஆம் பிரிவு வழக்கு முடிந்துவிடும். எனவே எதனைத் தெரிவு செய்வது என்பதை வழக்குரைஞரைக் கலந்தே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாம் வாயில், மோதிய வண்டி எதுவென்றே தெரியாதவிடத்து. 161ஆம் பிரிவின் கீழ் முன்பு மரணத்திற்கு 25,000 ரூபாயும் கொடுங்காயத்திற்கு 12,500 ரூபாயும் தரப்பட்டன. 2022 ஏப்ரல் முதல் அவை முறையே 2,00,000 ரூபாயாகவும் 50,000 ரூபாயாகவும் உயர்ந்தன. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பிப்பார். நீதிமன்றப் படியேறத் தேவையில்லாத இவ்வழியைப் பயன்படுத்தியோர் எத்தனை பேர்? 2022ஆம் ஆண்டில் மோதிவிட்டு ஓடிய வண்டிகளால் நாடு முழுவதும் மாண்டோர் 30,486 பேர். 2022–23 நிதியாண்டில் இத்திட்டத்தின்கீழ் வந்த விண்ணப்பங்களோ வெறும் 205. அவற்றுள் அப்போது தீர்வு கண்டவை 95. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவ வல்லுநர் டாக்டர் எஸ். இராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இவ்வெண்களைச் சுட்டி வருந்தியது. வழக்குப் பதிவான ஒரு மாதத்திற்குள் வண்டியைக் கண்டுபிடிக்க இயலாவிடின், இப்படியொரு திட்டம் இருப்பதைக் காவல்துறையே பாதிக்கப்பட்டோருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. அறுவை மேசையில் உடைந்த எலும்புகளைப் பொருத்தும் ஒரு மருத்துவர், உடைந்தபின் ஒட்டுவதோடு தம் கடமை முடிந்ததென்று அமராமல் நீதிமன்றம் சென்றது போற்றத்தக்கது.

வண்டிக்குக் காப்பீடே இல்லையெனின் உரிமையாளரும் ஓட்டுநரும் தாமே செலுத்தக் கடமைப்பட்டவர்கள். அத்தகைய வண்டியைப் பிணையின்றி விடுவிக்கலாகாது என்றும், உரிய பிணை தரப்படாவிடின் மூன்று மாதத்திற்குப்பின் ஏலமிட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்தவேண்டும் என்றும் 2018இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஓட்டியவருக்கு உரிமம் இல்லை என்பது போன்ற காரணங்காட்டிக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கும்போது, முதலில் அடிபட்டவருக்குச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயங்கள் ஆணையிடுவதுண்டு. அரசுப் பேருந்து மோதியதெனின் எதிர்த்தரப்பு போக்குவரத்துக் கழகம். தீர்ப்புத் தொகையைச் செலுத்தாமையால் பேருந்து நிலையத்திலேயே பேருந்தை ஜப்தி செய்யும் செய்திகளை நாளிதழ்களில் காண்கிறோம்; அவை பெரும்பாலும் இத்தகைய வழக்குகளின் இறுதிக் காட்சிகளே.

கணக்கு

உயிருக்கு விலை போட இயலாது. நீதிமன்றம் கணக்கிடுவது உயிரின் விலையை அன்று. அவ்வுயிர் ஈட்டிக் குடும்பத்திற்குத் தந்துவந்ததை. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றாலும், 2017இல் ஐந்து நீதியரசர் கொண்ட அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பாலும் இக்கணக்கு ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது.

மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 42 வயதுத் துணி வணிகர் ஒருவரைக் கொள்வோம். மனைவி, இரு மக்கள், தாய் என நால்வர் அவரை நம்பியுள்ளனர். ஆண்டு வருமானம் 1,80,000. சொந்தத் தொழில் செய்வோர் 40 முதல் 50 வயதுக்குட்பட்டவராயின் எதிர்கால உயர்வுக்காக 25 விழுக்காடு சேர்ப்பர், ஆக 2,25,000. அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடியதாக நான்கில் ஒரு பங்கைக் கழிப்பர், எஞ்சுவது 1,68,750. 41 முதல் 45 வயதுவரை பெருக்கெண் 14. அதனால் பெருக்க 23,62,500 ரூபாய் வரும். இறுதிச்சடங்குச் செலவு, துணையிழப்பு முதலியவற்றிற்கு 2017இல் நிர்ணயிக்கப்பட்டு மூன்றாண்டுக்கொருமுறை பத்து விழுக்காடு உயரும் தொகைகள் தனி. ஊரில் பேசி முடித்த தொகையை இதனருகே வைத்துப் பார்த்தால் இழந்தது எவ்வளவு என்பது விளங்கும்.

வீட்டை ஆளும் பெண் இறந்தாலோ முடங்கினாலோ 'வருமானம் ஏதுமில்லை' என்று ஒதுக்கிவிட இயலாது. அவள் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2001இல் மாதம் 3,000 ரூபாய் எனக் கணக்கிட்டது. 2021இல் அக்கருத்தை மேலும் வலியுறுத்திற்று.

காயமடைந்தோர் வழக்கில் கவனிக்கத்தக்கது ஒன்று. மருத்துவக் குழு வழங்கும் ஊனச் சான்றில் 40 விழுக்காடு என்றிருப்பின், இழப்பும் 40 விழுக்காடு என்பதில்லை. அவ்வூனம் அவர் செய்யும் தொழிலை எவ்வளவு பாதித்தது என்பதே கேள்வி என்று 2011இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு கால் மடங்காத எழுத்தர் நாற்காலியில் அமர்ந்து தம் பணியைத் தொடரலாம். அதே கால் சுமை தூக்குபவருக்கும், தலையில் மூட்டையோடு தெருத்தெருவாக நடந்து விற்பவருக்கும் தொழில் முழுமையும் அற்றுப்போவதாகும். ஆகவே முன்பு என்ன வேலை செய்தார், எங்கே, எவ்வளவு ஈட்டினார் என்பதற்குச் சான்று வேண்டும். கூலிச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், முதலாளியின் சாட்சியம் என எது கிடைப்பினும் பேணுதல் வேண்டும். மருந்துக் கடைச் சீட்டுகளையும் ஆட்டோ வாடகைச் சீட்டையும் ஒரு பையில் இட்டு வைத்தல் வேண்டும். நம் இல்லங்களில் மின்கட்டண அட்டைக்குத் தரும் மரியாதையைக்கூட மருத்துவச் சீட்டுகளுக்குத் தருவதில்லை.

கட்டணமின்றி வழக்குரைஞர்

வழக்கு என்றவுடன் செலவை எண்ணி ஏழையர் பின்வாங்குகின்றனர். அவர்களைத் தேடி மருத்துவமனைக்கே வரும் தரகர்கள் உளர். வெற்றுத் தாள்களிலும் வக்காலத்திலும் கையொப்பம் பெற்று, 'வருவதில் பாதி எங்களுக்கு' என்று பேசுவர். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது இந்திய வழக்குரைஞர் கழகத்தின் விதிகளுக்கு முரணானது. வெற்றுத் தாளில் கையொப்பமிடுதல் எக்காலத்தும் ஆகாது.

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், பட்டியல் இனத்தோர், பழங்குடியினர் ஆகியோர் இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையவர். வரையறைக்குட்பட்ட வருமானமுடைய ஏனையோரும் பெறலாம். பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பு இல்லை. ஆகவே கணவரை இழந்த பெண் எவரும், வசதியுடையவராயினும், இவ்வுதவியைக் கோரலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, வட்ட நீதிமன்றத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். வழக்குரைஞரை அவர்களே அமர்த்துவர். நீதிமன்றக் கட்டணமும் அவ்வுதவியுள் அடங்கும். 15100 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் வினவலாம்.

இவ்வாணைக்குழுக்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றங்களில் விபத்து வழக்குகள் விரைந்து முடிகின்றன. காப்பீட்டு நிறுவன அலுவலரும் பாதிக்கப்பட்டவரும் நேரில் அமர்ந்து பேசி ஒரு தொகைக்கு உடன்படுவர். ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட இது மேல் என்பது உண்மையே. ஆயினும் அங்குப் பதிவாகும் உடன்பாடு இறுதியானது. அதன்மீது மேல்முறையீடு கிடையாது. மேலே காட்டிய கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்து, தம் வழக்கின் மதிப்பு ஏறத்தாழ எவ்வளவு என்று தெரிந்துகொண்டபின் அங்குச் செல்வதே முறை.

தீர்ப்பு வந்தபின்னும் வேலை உண்டு. சிறார்க்குரிய பங்கை அவர்கள் வயதடையும் வரை வங்கியில் வைப்புத் தொகையாக வைக்கத் தீர்ப்பாயம் ஆணையிடும். பெரியப்பாவோ மாமாவோ அதனை எடுத்துத் தொழிலில் இட இயலாது. இது நல்ல ஏற்பாடே. மறுபுறம், உரியவர் வந்து பெறாமையால் பெருந்தொகைகள் தீர்ப்பாயங்களில் கிடப்பதை அறிந்து, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவற்றை உரியவரிடம் சேர்க்க வழிமுறைகளை வகுத்தது. கோரிக்கையாளரின் வங்கிக் கணக்கு விவரங்களைத் தொடக்கத்திலேயே பெறுதல் அவற்றுள் ஒன்று. ஆகவே மனுச் செய்யும்போதே மனைவி, மக்கள் ஒவ்வொருவர் பெயரிலும் கணக்குத் தொடங்கிவிடுதல் வேண்டும். வாடகை வீடு மாறினால் புதிய முகவரியைத் தீர்ப்பாயத்திற்கும் வழக்குரைஞருக்கும் எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். வழக்கின் எண்ணை வீட்டில் இருவரேனும் குறித்து வைத்திருத்தல் வேண்டும்.